ராக்கெட் ஊருக்கு ஒரு விண்வெளி விளையாட்டு: எந்த ரூல்புக்கை எடுக்கலாம்?

குலசேகரன்பட்டினம் என்றதும் இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, முத்தாரம்மன் கோயில் தசரா. காளி, ராஜா, குறவன், குரங்கு, கரடி, போலீஸ் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேடம் போட்டு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி வந்து அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். இன்னொன்று, இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம். 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி ஏவுமேடைக்குப் பூமி பூஜை போட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு போகிற பஸ்ஸில் இப்போது ராக்கெட் பேச்சு காதில் விழாமல் இருக்காது.

வேடமும் விண்வெளியும் சேர்ந்த ஒரு விளையாட்டைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். அதன் பெயர் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். போன் வேண்டாம், டிவி வேண்டாம், கரன்ட்கூட வேண்டாம். நாலு பேர், ஒரு மேஜை (அல்லது ஒரு பாய்), பென்சில், பேப்பர், பகடை, ஒரு ரூல்புக். அவ்வளவுதான்.

சிக்கல் அந்தக் கடைசிப் பொருளில்தான் இருக்கிறது. ஆன்லைனில் தேடினால் விண்வெளி விளையாட்டு ரூல்புக் மட்டும் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். அட்டைப்படம் ஒவ்வொன்றும் அள்ளும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். வாங்கியபின் முதல் பத்துப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் பரணுக்குப் போய்விட்டால்? பணம் போனதுகூடப் பரவாயில்லை. 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று வீட்டுப் பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்களே, அதுதான் பெரிய நஷ்டம்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகழையும் தடிமனையும் பார்த்து ரூல்புக் வாங்காதீர்கள். உங்கள் மேஜையில் யார் யார் உட்காரப்போகிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். உங்களில் ஒருவர் ஒரே நாளில் படித்து, மற்றவர்களுக்குத் தமிழில் பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுக்க முடிகிற புத்தகம்தான் முதல் புத்தகமாக இருக்க வேண்டும்.

இது என்ன விளையாட்டு?

விளையாடுபவர்களில் ஒருவர் நடத்துநர். பஸ் நடத்துநர் மாதிரியேதான். வண்டியை ஓட்டுவது அவர் இல்லை. ஆனால், இப்போது எந்த ஊர் வந்திருக்கிறது, யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று சொல்பவர் அவர். மற்ற ஒவ்வொருவரும் கதையில் ஒரு ஆள். ஒருவர் கப்பலின் கேப்டன், ஒருவர் மெக்கானிக், ஒருவர் டாக்டர்.

நடத்துநர் சொல்கிறார்: "உங்க கப்பல் செவ்வாய் பக்கத்துல நிக்கிது. இன்ஜின்ல புகை. பின்னாடி ஒரு தெரியாத கப்பல் வருது. என்ன செய்றீங்க?" மெக்கானிக்காக இருப்பவர், "இன்ஜினைச் சரி பண்றேன்" என்கிறார். முடிந்ததா, இல்லையா? அதைப் பகடை சொல்லும். எத்தனை பகடை, எவ்வளவு விழுந்தால் வெற்றி, தோற்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொல்வதுதான் ரூல்புக்.

தசரா வேடத்தையும் இதையும் ஒன்றாக வைத்துவிட முடியாது. அது நேர்த்திக்கடன், விரதம், இது விளையாட்டு. ஆனால், ஒரு விஷயம் குலசைக்காரர்களுக்கு விளக்காமலே புரியும். வேடம் என்றால் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வது இல்லை. எந்த வேடத்துக்கு எத்தனை நாள் விரதம், எப்போது காப்புக் கட்டுவது, எப்போது கழற்றுவது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. ஒருவர் வேறொரு ஆளாக மாறி நிற்கும்போது கூட இருப்பவர்கள் அதை நம்புவதற்கு அந்த முறைதான் காரணம். விளையாட்டில் அந்த முறையை எழுதி வைத்திருக்கும் இடம் ரூல்புக்.

எப்போது ஆரம்பித்தது?

இந்த வகை விளையாட்டில் முதலில் அச்சாகி வந்தது 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. வாளும் மந்திரமும் நிறைந்த கதை. இரண்டே வருஷத்தில் விண்வெளிக்கும் வந்துவிட்டார்கள். 1976-ல் ஜேம்ஸ் வார்டு எழுதிய 'மெட்டமார்ஃபசிஸ் ஆல்ஃபா' வெளியானது. பல தலைமுறையாகப் பயணம் செய்யும் ஒரு ராட்சதக் கப்பல். ஒரு விபத்துக்குப் பிறகு, உள்ளே இருப்பவர்களுக்குத் தாங்கள் கப்பலில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிருக்கும். 1977-ல் மார்க் மில்லரின் 'டிராவலர்' வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் தியேட்டருக்கு வந்ததும் அதே வருஷம்தான். இன்றைக்கும் புதுப் பதிப்பாக வந்துகொண்டிருக்கிற டிராவலரைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. எத்தனை பேர், என்ன வயசு? நடத்துநரைச் சேர்த்து நாலைந்து பேர் இருந்தால் சுகம். பத்து வயசுப் பிள்ளையும் எழுபது வயசு ஆச்சியும் ஒரே மேஜையில் இருந்தால், நூறு எண்களை எழுதி வைக்கச் சொல்லும் புத்தகம் வேண்டாம்.

2. எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமா, கோடை விடுமுறை முழுக்கவா? ஒரு நாள் கூத்துக்கு ஒரு வகைப் புத்தகம், தொடர்கதைக்கு வேறு வகை.

3. யார் படிக்கப்போகிறார்? கீழே நான் சொல்லும் புத்தகங்கள் எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. படிப்பவர் 40 பக்கம் தாங்குவாரா, 400 பக்கம் தாங்குவாரா?

4. என்ன பகடை இருக்கிறது? லூடோ பெட்டியில் இருக்கிற ஆறு முகப் பகடை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இருபது முகப் பகடையை ஆன்லைனில்தான் வாங்க வேண்டும்.

5. எவ்வளவு பயம் தாங்கும்? விண்வெளிக் கதைகளில் பாதி பேய்க்கதைகள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள்.

இந்த ஐந்துக்கும் விடை எழுதிக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்: ஒரே ஒரு பக்கம்

ஜான் ஹார்ப்பர் 2013-ல் வெளியிட்டது. முழு ரூல்புக்கும் ஒரே பக்கம், அதுவும் இலவசம். உங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தால் ஒரு டீ காசுகூட ஆகாது.

கதை இதுதான்: ராப்டர் என்ற கப்பலின் கேப்டன் மயங்கிக் கிடக்கிறார். மிச்சமிருக்கும் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். உங்கள் ஆளுக்கு ஒரே ஒரு எண், 2-லிருந்து 5-க்குள். எண் பெரிதாக இருந்தால் இயந்திரம், கணக்கு, நிதானம் எல்லாம் நன்றாக வரும், அதுதான் 'லேசர்'. எண் சின்னதாக இருந்தால் பேச்சு, உள்ளுணர்வு, பாசம் நன்றாக வரும், அது 'ஃபீலிங்'. லேசர் வேலை என்றால் உங்கள் எண்ணுக்குக் கீழே விழ வேண்டும். ஃபீலிங் வேலை என்றால் மேலே விழ வேண்டும்.

சாதாரணமாக ஒரு பகடை. முன்னேற்பாட்டோடு செய்தால் இன்னொன்று. அந்த வேலையில் கெட்டிக்காரர் என்றால் மேலும் ஒன்று. ஒரு பகடையும் ஜெயிக்கவில்லை என்றால் வம்பு. ஒன்று ஜெயித்தால் வேலை நடக்கும், ஆனால் ஏதோ ஒரு சிக்கலும் கூடவே வரும். இரண்டு ஜெயித்தால் சுத்தமான வெற்றி. மூன்றும் ஜெயித்தால் கூடுதல் பலன். உங்கள் எண்ணே அப்படியே விழுந்தால் நடத்துநரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அவர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும்.

குறை? ஒரு மாசம் ஓட்டுகிற அளவுக்குச் சரக்கு இதில் கிடையாது. இரண்டு மூன்று முறை விளையாடியதும் 'அடுத்து என்ன?' என்று கேட்பார்கள். அதுதான் நமக்கும் வேண்டும்.

டிராவலர்: நாற்பது வருஷ ஈ.எம்.ஐ.

1977-ல் ஒரு சின்னப் பெட்டியில் மூன்று கறுப்புப் புத்தகங்களாக வந்தது. இப்போது மங்கூஸ் நிறுவனம் வெளியிடும் பதிப்பு பரவலாகக் கிடைக்கிறது. 2022-ல் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது.

இதில் உங்கள் ஆளை உருவாக்குவதே ஒரு விளையாட்டு. 18 வயசில் தொடங்கி நாலு நாலு வருஷமாக அவர் வாழ்க்கையைப் பகடை போட்டு ஓட்ட வேண்டும். கடற்படையில் சேர்ந்தாரா, பதவி உயர்வு கிடைத்ததா, காயம் பட்டதா, வேலை போனதா என்று எல்லாம் பகடையிலேயே வரும். பழைய 1977 விதிப்படி, விளையாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே உங்கள் ஆள் செத்தும் போகலாம்! இன்றைய பதிப்பில் பெரும்பாலும் விபத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

கப்பல் வாங்கினால் 40 வருஷக் கடன். மாசாமாசம் கப்பல் விலையில் 240-ல் ஒரு பங்கு கட்ட வேண்டும், 480 மாசம். மொத்தமாகப் பார்த்தால் விலையைப்போல இரண்டு மடங்கு. தவணைக்காக எந்தச் சரக்கை எந்தக் கிரகத்தில் ஏற்றி எங்கே விற்பது என்று மூளையைக் கசக்குவதுதான் பாதிக் கதை. வீட்டுக்கடன் கட்டுகிற அப்பாக்களுக்கு இந்த விளையாட்டு உடனே பிடித்துவிடும்.

பகடை விஷயத்திலும் சௌகரியம். ஆறு முகப் பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. புத்தகம் பெரியது, அட்டவணைகள் நிறைய. கல்லூரி வயசு, பொறுமை, தொடர்ந்து விளையாட ஒரு செட்டு இருந்தால் எடுங்கள்.

ஸ்டார்ஸ் வித்தவுட் நம்பர்: இலவசம், ஆனால் சின்னது இல்லை

கெவின் கிராஃபோர்ட் 2010-ல் எழுதி, 2017-ல் திருத்தி வெளியிட்டது. திருத்திய பதிப்பின் இலவச பி.டி.எஃப். சுமார் 250 பக்கம். காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் கூடுதல் அத்தியாயங்கள் உண்டு. ஆனால், இலவசப் புத்தகத்தை வைத்தே வருஷக்கணக்கில் விளையாடலாம்.

இதன் பலம் நடத்துநருக்கான பகுதி. ஒரு கிரகத்துக்கு இரண்டு 'குறிப்புச் சொல்'லைப் பகடை போட்டு எடுக்கச் சொல்கிறது. 'கடல் சூழ்ந்தது', 'கொடுங்கோல் ஆட்சி' என்று வந்தால், அந்தக் கிரகத்தில் எதிரி யார், நண்பர் யார், என்ன சிக்கல் என்பதற்குத் தனித்தனி யோசனைகள் வரிசையாக இருக்கும். கதை கட்டத் தெரியாதவர்கூட ஒரு சாயங்காலத்தில் ஒரு நட்சத்திர மண்டலத்தையே உருவாக்கிவிடலாம். நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை பல வகைப் பகடை தேவை என்பதுதான் தொந்தரவு. போனில் பகடை ஆப் இருந்தால் சமாளிக்கலாம்.

மதர்ஷிப்: பெரியவர்களுக்கு மட்டும்

ஷான் மெக்காய் உருவாக்கியது. 2018-ல் முதலில் வந்தது. 'ஏலியன்' மாதிரிப் படங்களை இரவில் தனியாகப் பார்க்கிற கூட்டத்துக்கானது. விளையாடுபவர்களுக்கான கையேடு 50 பக்கத்துக்குள்தான், பி.டி.எஃப். இலவசம். தொழிலாளி, விஞ்ஞானி, ஆண்ட்ராய்டு, ராணுவ வீரர் என்று நாலு வகை ஆட்கள். பகடையில் தோற்கத் தோற்கப் பதற்றம் ஏறும். ஏறிய பதற்றம் ஒரு கட்டத்தில் வெடிக்கும். விதிகள் எளிதுதான். ஆனால், ரத்தமும் சாவும் தாராளம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் மேஜைக்கு வேண்டவே வேண்டாம்.

ஸ்டார்ஃபைண்டர், ஸ்டார் ட்ரெக்: யாருக்கு?

பைசோ நிறுவனத்தின் ஸ்டார்ஃபைண்டர் 2017-ல் வந்தது. 2025-ல் இரண்டாம் பதிப்பு. விண்வெளியோடு மந்திரமும் கலந்தது. சண்டைக்குக் கட்டம் போட்ட வரைபடம், காய்கள், எண்ணற்ற ஆயுதங்கள். முதல் பதிப்பின் மூலப்புத்தகம் 500 பக்கத்துக்கு மேல். வீடியோ கேமில் ஆளை மெருகேற்றிக்கொண்டே போவதில் ஆசை உள்ளவர்களுக்குச் சரி. விதிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்க முடியும் என்பதால், வாங்குவதற்கு முன் ஒரு வாரம் படித்துப் பாருங்கள்.

மோடிஃபியஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் ட்ரெக் அட்வென்ச்சர்ஸ்' 2017-ல் வந்து, 2024-ல் இரண்டாம் பதிப்பு கண்டது. சண்டையைவிடப் பேச்சுவார்த்தையும் கண்டுபிடிப்பும் அதிகம். அந்த சீரியலைப் பார்த்தவர்கள் மேஜையில் இருந்தால் களைகட்டும். பார்க்காதவர்கள் இருந்தால், விதியைச் சொல்லும் நேரத்தைவிட சீரியல் கதை சொல்லும் நேரம் அதிகமாகிவிடும்.

பகடைக் கணக்கு கொஞ்சம்

எந்தப் பகடை என்பது சும்மா அலங்காரம் இல்லை. விளையாட்டின் குணமே அதில்தான் இருக்கிறது. நமக்குத் தெரிந்த தாயத்திலிருந்தே பார்ப்போம். தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதம். அதாவது, எட்டுக்கு ஒன்று. காயை இறக்க முடியாமல் பெரியம்மா அரை மணி நேரம் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

டிராவலரின் இரண்டு பகடைக்கு 36 விதம். 8 அல்லது அதற்கு மேல் வருவது 15 விதம். நூற்றுக்கு சுமார் 42. உங்கள் ஆளுக்குத் திறமையில் ஒரு புள்ளி கூடினால் அது 21 விதமாகும், நூற்றுக்கு 58. இரண்டு புள்ளி என்றால் 26 விதம், நூற்றுக்கு 72. ஒரே ஒரு புள்ளி கூடினாலும் கை நன்றாக ஓங்கிவிடுகிறது. அனுபவசாலிக்கு மரியாதை தருகிற பகடை இது.

இருபது முகப் பகடை அப்படி இல்லை. ஒரு புள்ளி கூடினால் நூற்றுக்கு 5 மட்டும் கூடும். 1 விழுவதற்கும் 20 விழுவதற்கும் ஒரே வாய்ப்பு. கெட்டிக்காரன் சறுக்குவதும் புதியவன் சாதிப்பதும் அடிக்கடி நடக்கும். சத்தமும் சிரிப்பும் வேண்டும் என்றால் இது நல்லது. திட்டம் போட்டு ஜெயிக்க வேண்டும் என்றால் இரண்டு பகடை நல்லது.

மேஜையில் யார் பேசுகிறார்?

புத்தகத்தின் பின்அட்டையில் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. ரூல்புக் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலம் நன்றாக வருகிற ஒருவர் தானாகவே மேஜைக்கு முதலாளி ஆகிவிடுகிறார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தசரா விடுமுறையில் உடன்குடி பக்கம் உறவுக்காரர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கருப்பட்டிக் காப்பி முடிந்ததும் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' ஆரம்பமானது. நான் நடத்துநர். பிளஸ் டூ படிக்கிற சித்தி மகள், மைனி, எட்டாம் வகுப்புத் தம்பி, வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்த ஆச்சி. தம்பி படிப்பது தமிழ் மீடியம். பொதுவாக அவன் வாய் ஓயாது. அன்றைக்கு ஆங்கிலப் பேப்பரைக் கையில் வாங்கியதிலிருந்து பேச்சே இல்லை. அவன் முறை வரும்போதெல்லாம், "அக்கா செய்றதையே நானும் செய்றேன்" என்று முடித்துக்கொண்டான்.

சித்தி மகள்தான் அதைக் கவனித்தாள். ஒரு நோட்டுத்தாளைக் கிழித்து, எல்லா விதியையும் தமிழில் எழுதிவிட்டாள். 'லேசர்' என்பதை 'மூளை' என்றும், 'ஃபீலிங்' என்பதை 'மனசு' என்றும் மாற்றினாள். 'பைலட்' என்பது 'ஓட்டி', 'என்ஜினியர்' என்பது 'மேஸ்திரி'. பதினைந்து வரிகூட வரவில்லை. அதை நடுவில் வைத்ததும் தம்பி எடுத்துப் படித்தான். பிறகு நிமிர்ந்து, "அப்போ எனக்கு மூளை அஞ்சு. நாந்தான் மேஸ்திரி. அந்தக் கப்பல் புகையை நான் பாத்துக்கிடுதேன், நீங்க எல்லாரும் சும்மா இருங்க" என்றான்.

தெரியாத கப்பலிலிருந்து ஒரு குரல் மிரட்டியது. எல்லோரும் துப்பாக்கியைத் தேடும்போது ஆச்சி கேட்டார்கள்: "எய்யா, அவன் எத்தன நாளா அந்தக் கப்பல்ல தனியாக் கெடக்கானாம்? சாப்புட்டானான்னு மொதல்ல கேளு." ஆச்சியின் எண் 2. மனசுப் பகடையில் 5 விழுந்தது. மிரட்டியவன் அழுதுவிட்டான். சண்டையே நடக்கவில்லை.

நான் தேடித் தேடிப் பார்த்த எத்தனையோ ரூல்புக்குகளைவிட, அந்த மேஜைக்கு அந்த நோட்டுத்தாள்தான் பெரிய உதவியாக இருந்தது. அதனால் எந்தப் புத்தகம் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள்: ஒரு பக்கத்தில் தமிழில் விதி. 'ஸ்கில்' என்றால் திறமை. 'ஹிட் பாயின்ட்' என்றால் உயிர்ப்புள்ளி. 'ஸ்ட்ரெஸ்' என்றால் பதற்றம். 'இன்ஷியேட்டிவ்' என்றால் யார் முந்தி. ஆளுக்கு ஒரு பிரதி. ஒரு புத்தகத்தை அப்படி ஒரு பக்கத்துக்குள் தமிழில் சுருக்க முடியவில்லை என்றால், அது உங்கள் முதல் புத்தகம் இல்லை.

குலசையிலேயே ஒரு கதை: ஞாயிற்றுக்கிழமைக்கு ரெடி

புத்தகம் எடுத்தாயிற்று, கதைக்கு எங்கே போவது? செவ்வாய்க்குப் போக வேண்டாம். நம் கடற்கரையே போதும். முதலில் உண்மையான விஷயங்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே ராக்கெட் விட்டால், நேராக இலங்கைக்கு மேலே போய்விடும். அதனால் வளைந்து போக வேண்டியிருக்கிறது, எரிபொருள் வீணாகிறது. பெரிய ராக்கெட் அதைத் தாங்கும், சின்ன ராக்கெட்டுக்குக் கஷ்டம். குலசையிலிருந்து தெற்கே திறந்த கடல், நேராகப் போகலாம். இங்கிருந்து போகவிருப்பது எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர் உயரம், சுமார் 120 டன் எடை, 500 கிலோ வரை உள்ள செயற்கைக்கோளை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். 2022 ஆகஸ்ட்டில் நடந்த இதன் முதல் பயணம் தோற்றது. இரண்டாம் நிலை பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் சென்சார்கள் குழம்பிவிட்டன. ஆறே மாசத்தில், 2023 பிப்ரவரியில், இரண்டாவது பயணம் ஜெயித்தது.

ராக்கெட் ஏவும்போது பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட கடல் பகுதிக்குள் படகுகள் போகக் கூடாது என்று அறிவிப்பார்கள். ராக்கெட்காரர்களுக்கு அது பாதுகாப்பு; மீனவருக்கு அன்றைய வருமானம் போச்சு. இரண்டும் நியாயம். நம் கதையை அங்கிருந்து ஆரம்பிப்போம்.

கதை: கற்பனையான ஒரு ஏவு நாள். கவுன்ட் டவுனில் 40 நிமிஷம் பாக்கி. தடைக்கோட்டுக்குள் ஒரு நாட்டுப்படகு நிற்கிறது. இன்ஜின் நின்றுவிட்டது. நடத்துநர் மேஜை நடுவில் நாலு பட்டாணியை வைக்க வேண்டும். ஒவ்வொரு பட்டாணியும் 10 நிமிஷம். பகடை தோற்கும்போதெல்லாம் ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொள்ளலாம்.

ஆட்கள்: படகில் இருக்கும் அப்பாவும் மகளும், கட்டுப்பாட்டு அறையில் ஒரு இளம் என்ஜினியர், கரையில் ஊர்ப் பெரியவர்.

மூன்று சிக்கல்கள். முதலாவது, வயர்லெஸ்ஸில் பேசி இன்ஜினை ஓட வைக்க வேண்டும்; இது மூளைப் பகடை. இரண்டாவது, 'போன தடவையும் ஒருநாள் பொழப்பு போச்சு, நான் திரும்ப மாட்டேன்' என்கிற அப்பாவைச் சமாதானம் செய்ய வேண்டும். இது மனசுப் பகடை. மூன்றாவது, ராக்கெட்டில் ஒரு சென்சார் வேறு எண் காட்டுகிறது. சென்சார் பொய் சொல்கிறதா, படகு நின்றது நல்லதற்குத்தானா? என்ஜினியர் வாய் திறந்தால் ஏவுதல் தள்ளிப்போகும். மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று பகடைக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு நிபந்தனை. என்ஜினியர் ஆகப்போகிற பிள்ளைக்கு மீனவர் வேஷத்தையும், கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு என்ஜினியர் வேஷத்தையும் கொடுத்துப் பாருங்கள். அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டி வரும்போது, வீட்டில் கேட்டே இராத வாதங்களெல்லாம் வெளியே வரும்.

பணம் கொடுப்பதற்கு முன்

* முதலில் இலவசமாகக் கிடைப்பதை விளையாடுங்கள். பெரிய புத்தகங்களில் பலவற்றுக்கு 'குயிக்ஸ்டார்ட்' என்ற சின்ன மாதிரிக் கையேட்டை நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றன. திருட்டு பி.டி.எஃப். தேட வேண்டிய அவசியமே இல்லை.

* பிடித்திருந்தால் பி.டி.எஃப். வாங்குங்கள். மூன்று மாசம் கழித்தும் விளையாடிக்கொண்டிருந்தால் அச்சுப் புத்தகத்துக்குப் போகலாம்.

* எந்தப் பதிப்பு என்று பாருங்கள். முதல் பதிப்புப் புத்தகமும் இரண்டாம் பதிப்புக் கதைப் புத்தகமும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல் போகலாம்.

* விதிகள் மட்டும் இருக்கிறதா, தொடங்குவதற்கு ஒரு கதையும் சேர்த்துத் தருகிறார்களா என்று பொருளடக்கத்தில் தேடுங்கள். முதல் தடவை நடத்துபவருக்கு அந்தக் கதைதான் கைத்தடி.

* தனியாக ஒரு புத்தகம் சேர்த்து வாங்கினால்தான் விளையாட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில விளையாட்டுகளில் விளையாடுபவருக்கு ஒன்று, நடத்துநருக்கு ஒன்று என்று இரண்டு புத்தகம்.

சுருக்கமாக

குடும்பத்தோடு, சின்னப் பிள்ளைகளோடு, ஒரு சாயங்காலம்: 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்'. காசில்லாமல் நீண்ட தொடர்கதை வேண்டும், படிக்கப் பொறுமையும் இருக்கிறது: 'ஸ்டார்ஸ் வித்தவுட் நம்பர்'. வியாபாரம், கடன், கணக்கு, லூடோ பகடையே போதும்: 'டிராவலர்'. பெரியவர்கள் மட்டும், ராத்திரி, பயம்: 'மதர்ஷிப்'. சண்டையும் மெருகேற்றலும்: 'ஸ்டார்ஃபைண்டர்'. சீரியல் ரசிகர்கள்: 'ஸ்டார் ட்ரெக் அட்வென்ச்சர்ஸ்'.

இன்னமும் குழப்பமாக இருந்தால் முதல் பெயரையே எடுங்கள். இன்றைக்கே பிரின்ட் எடுத்து, விதியைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பாயை விரியுங்கள். வீட்டில் எப்போதும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் யாரோ, அவருக்குக் கேப்டன் பதவியைக் கொடுத்துப் பாருங்கள். பட்டாணி கொஞ்சம் கூடுதலாகவே வறுத்து வையுங்கள்.